மகளின் பெயர் தேவி, வகுப்பில் ‘டெவில்’ என்கிறார்கள்: இரண்டும் ஒரே சொல்லா?

செங்காங் அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். சொல் வரலாறு தெரிந்தவர்கள் இங்கே நிறைய பேர் இருப்பதால் கேட்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் இங்கே சிங்கப்பூரில் தொடக்கநிலை நான்கில் படிக்கிறாள். அவள் பெயர் ‘தேவி’ என்று முடியும். அது என் மாமியாரின் பெயர். அவர் காலமான அடுத்த வருடம் இவள் பிறந்ததால் வீட்டில் யாருமே வேறு பெயரை யோசிக்கவில்லை. வகுப்பில் முழுப் பெயர் வாயில் நுழையாத பிள்ளைகள் ‘டெவி’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அதுவரை சரி. மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு பையன் கடைசியில் ஓர் எழுத்தைச் சேர்த்து ‘டெவில்’ என்றான். ஆங்கிலத்தில் எழுதினால் அவ்வளவுதான் வித்தியாசம். இப்போது கேன்டீன் வரிசையில் நின்றாலும் அதுதான் பெயர், பந்து பொறுக்கிப் போடச் சொன்னாலும் அதுதான் பெயர்.

போன புதன்கிழமை ராத்திரி நான் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது வந்து நின்றாள். “அம்மா, டெவில் என்ற வார்த்தையே தேவியிலிருந்துதான் வந்ததாம். வெள்ளைக்காரங்க நம்ம சாமியைப் பார்த்து பேய்னு நினைச்சு அப்படிப் பேர் வச்சாங்களாம். யூடியூப்ல ஒருத்தர் சொல்றாரு. உண்மையா?” என்றாள். அந்தப் பையன்தான் அந்தக் காணொளியைக் காட்டியிருக்கிறான். “அதெல்லாம் சும்மாடி” என்றேன். “உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று திருப்பிக் கேட்டாள். எனக்குத் தெரியாது. நான் கணக்கு எழுதும் வேலை பார்ப்பவள். தமிழ் உயர்நிலையோடு நின்றுவிட்டது. அவள் பதிலுக்காகக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் படுக்கப் போய்விட்டாள்.

வகுப்பாசிரியரிடம் பேசிவிட்டேன், அவர் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். அதைப் பற்றி இங்கே கேட்கவில்லை. எனக்குச் சொல்லைப் பற்றித் தெரிய வேண்டும். தேவியும் டெவிலும் ஒன்றா? இல்லை என்றால் டெவில் எங்கிருந்து வந்தது? தமிழில் அதற்குச் சரியான சொல் எது, பேயா, பிசாசா, சாத்தானா? பொய்யான ஆறுதல் வேண்டாம். இரண்டுக்கும் உறவு இருக்கிறது என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். நாளைக்கு அவள் வேறு யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்வதைவிட அது நல்லது.

ஈய எழுத்துக்காரர்:

அம்மா, உங்கள் பதிவைப் படித்ததும் எனக்கு 1966 நினைவுக்கு வந்துவிட்டது. அப்போது எனக்கு 15 வயது. சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு சந்தில் இருந்த அச்சகத்தில் எடுபிடியாகச் சேர்ந்தேன். அங்கே தமிழ் வேலையும் நடக்கும், ஆங்கில வேலையும் நடக்கும். முதல் நாள் காலையில் ஆங்கிலப் பிரிவு மேற்பார்வையாளர் என்னைப் பார்த்து “டெவில், இங்கே வா” என்றார். எனக்கு அந்த ஒரு சொல் தெரியும். அப்பாவிடம் போய் இனிமேல் அங்கே போகமாட்டேன் என்று அழுதேன்.

பிறகுதான் தெரிந்தது, ஆங்கில அச்சகங்களில் எடுபிடிப் பையனுக்குப் பெயரே அதுதான், ‘பிரின்டர்ஸ் டெவில்’. கையும் முகமும் எப்போதும் மையாக இருப்பதால் என்பார்கள். வேறு கதைகளும் உண்டு. உடைந்த ஈய எழுத்துகளைப் போட்டு வைக்கும் பெட்டிக்கு ‘ஹெல் பாக்ஸ்’ என்று பெயர். அதை உருக்கக் கொண்டுபோகிறவன் நான். நரகப் பெட்டியைத் தூக்குகிறவனை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்! அந்த ஒரு சொல்லை விடாமல் துரத்திப் போய்த்தான் எனக்கு அகராதிப் பைத்தியமே பிடித்தது. அதனால் உங்கள் மகளுக்குப் பதில் சொல்ல நான் கடமைப்பட்டவன்.

முதலில் நேரான பதில். தேவியும் டெவிலும் ஒன்றல்ல, இரண்டுக்கும் வேர் வேறு.

ஆங்கில டெவில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய பழைய ஆங்கிலத்தில் ‘தேயோஃபல்’ என்று இருந்தது. அது லத்தீனின் ‘தியாபொலுஸ்’. அதற்கும் முன்னால் கிரேக்கத்தின் ‘தியாபொலோஸ்’. கிரேக்கத்தில் ‘தியா’ என்றால் குறுக்கே, ‘பல்லெயின்’ என்றால் எறிதல். குறுக்கே எறிகிறவன். அதாவது ஒருவர் மேல் பழியைத் தூக்கி எறிகிறவன், இரண்டு பேருக்கு நடுவில் கோள் மூட்டுகிறவன். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் கோள்மூட்டி. கொம்பு, வால், சூலம் எல்லாம் பின்னால் ஓவியர்கள் வரைந்தவை. சொல்லுக்குள் அவை இல்லை. சொல்லுக்குள் இருப்பது ஒரு பொய்க் குற்றச்சாட்டு மட்டுமே.

தேவி வந்த வழி வேறு. சமஸ்கிருதத்தில் ‘திவ்’ என்றால் ஒளிர்தல், வானம். அதிலிருந்து தேவன், தேவி. லத்தீனில் கடவுளைக் குறிக்கும் ‘தேயுஸ்’ இதன் உடன்பிறப்பு. ஆங்கிலத்தின் ‘டிவைன்’ அந்தக் குடும்பத்துச் சொல். உங்கள் மகளுக்குப் பிடிக்கக்கூடிய ஒன்று சொல்கிறேன். ‘டியூஸ்டே’ என்ற கிழமைப் பெயரில் ‘டீவ்’ என்ற பழைய ஜெர்மானியக் கடவுள் இருக்கிறார். அந்தப் பெயரும் இதே வேரில் முளைத்ததுதான். ஆக, ஆங்கிலத்தில் தேவிக்குச் சொந்தக்காரர் தேட வேண்டுமென்றால் செவ்வாய்க்கிழமையைக் காட்டுங்கள்.

பொய்யான ஆறுதல் வேண்டாம் என்றீர்கள். ஆகவே இதையும் சொல்லிவிடுகிறேன். பாரசீகப் பக்கம் போனால் கதை தலைகீழாகிவிடுகிறது. ஜரதுஷ்டிரரின் மதத்தில் ‘தயேவ’ என்றால் தீய சக்தி. பாரசீகக் கதைகளில் வரும் ‘தீவ்’ என்ற பூதம் அதுதான். அது நம் ‘தேவ’ என்ற சொல்லேதான். அங்கே உயர்ந்த கடவுளுக்குப் பெயர் அஹுரா மஸ்தா. அந்த ‘அஹுரா’ நம் ‘அசுர’. நமக்குத் தேவர் நல்லவர், அசுரர் எதிரி. அவர்களுக்கு அப்படியே மாறிவிட்டது. ரிக்வேதத்தின் பழைய பாடல்களில் வருணன் போன்றவர்களையே அசுரன் என்று மரியாதையாக அழைத்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை வந்தால் அவர் சாமி நமக்குப் பேயாகிவிடுகிறது போலிருக்கிறது. ஆனாலும் ஆங்கில டெவில் இந்தப் பாரசீகச் சொல்லிலிருந்து வரவில்லை. ஓசை ஒற்றுமை தற்செயல்.

இதற்கு எதிர்ப்பக்கச் சாட்சியும் இருக்கிறது. ஐரோப்பாவில் வாழும் ரோமா மக்கள் இந்தியாவிலிருந்து போனவர்கள். அவர்கள் மொழியில் ‘தேவெல்’ என்றால் கடவுள். கேட்டால் டெவில் போலவே இருக்கும், பொருள் கடவுள். அது நம் தேவனோடு பிறந்த சொல். காதை மட்டும் நம்பினால் கடவுளும் பிசாசும் ஒன்றாகிவிடும்.

இசக்கி பேரன்:

பெரியவர் சொல்வதை மதிக்கிறேன், ஆனால் இவ்வளவு சுலபமாக அந்தப் பையனின் காணொளியைத் தள்ளிவிட முடியாது. என் அப்பாவைப் பெற்ற ஆச்சி திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர். இசக்கியம்மனைக் கும்பிட்டவர். ஜூரோங் வீட்டில் ஒரு சிவப்புத் துணியில் சுற்றிய செங்கல்தான் அவருக்கு இசக்கி. பல்கலைக்கழகத்தில் ஒரு கட்டுரைக்காகப் பழைய ஆங்கிலப் புத்தகங்களைப் புரட்டியபோது அந்த வட்டாரத்துக் கும்பிடு முழுவதையும் ‘டெவில் வொர்ஷிப்’ என்று எழுதியிருந்ததைப் பார்த்தேன். 1849இல் வந்த கால்டுவெல் பாதிரியாரின் நூலிலேயே அந்தப் பேச்சு இருக்கிறது. சாமியாட்டத்துக்கு ‘டெவில் டான்ஸ்’ என்று பெயர். நூலகத்தில் உட்கார்ந்து அதைப் படித்த அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை. ஆச்சி தினமும் விளக்கேற்றியது டெவிலுக்கா? பிள்ளை பெற்ற ஒவ்வொரு மருமகளையும் இசக்கியிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் அவர் தூங்குவார்.

ஆகவே வெள்ளைக்காரர்கள் நம் சாமியைப் பேய் என்று எழுதினார்கள் என்பது பொய் இல்லை. சொல் அதிலிருந்துதான் பிறந்தது என்று நினைப்பதில் என்ன தப்பு?

ஈய எழுத்துக்காரர்:

தம்பி, உங்கள் கோபம் நியாயம். இன்னொரு சான்றும் தருகிறேன், உங்கள் பக்கத்துக்கே சேரும். 1510இல் ரோமில் அச்சான லுதோவிக்கோ தி வர்த்தேமா என்ற இத்தாலியரின் பயண நூலில், கோழிக்கோட்டு மன்னர் ‘தெயுமோ’ என்ற டெவிலை வணங்குகிறார் என்று எழுதியிருக்கிறது. மூன்றடுக்கு மகுடமும் கொம்பும் வைத்த உலோகச் சிலை என்று வர்ணனை வேறு. ‘தேவன்’ என்பதைத்தான் அவர் காது அப்படி வாங்கியிருக்க வேண்டும். தேவனை டெவிலாக எழுதிய குற்றம் நடந்தது உண்மை.

ஆனால் எது முன், எது பின் என்று பாருங்கள். வர்த்தேமா கோழிக்கோட்டுக்கு வரும்போது டெவில் என்ற சொல்லைத் தன் ஊரிலிருந்து பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தார். இங்கே வந்து அதைச் செய்யவில்லை. எபிரேய வேதத்தை அலெக்ஸாந்திரியாவில் கிரேக்கத்தில் மொழிபெயர்த்த காலம் கி.மு. 3, 2ஆம் நூற்றாண்டுகள். அதிலேயே ‘சாத்தான்’ வரும் இடங்களில் ‘தியாபொலோஸ்’ என்று போட்டிருக்கிறார்கள். அதற்கும் முன்னால் கி.மு. 399இல் சாக்ரடீஸ் நீதிமன்றத்தில் நின்றபோது, தன் மேல் பல வருடமாகப் படிந்த அவதூறைச் சொல்ல ‘தியாபொலே’ என்ற சொல்லைப் பயன்படுத்தியதாகப் பிளேட்டோ எழுதுகிறார். ஆங்கிலேயர் கும்பெனி தொடங்கியது 1600இல். சொல் பிறந்து இரண்டாயிரம் வருடம் ஆன பிறகு நம் தெய்வங்கள் மேல் அதை எறிந்தார்கள்.

சாக்ரடீஸ் வழக்கில் இன்னொன்றும் இருக்கிறது, சொல்லாமல் விட மனம் வரவில்லை. தப்பான காரியத்தில் இறங்கப் போனால் உள்ளிருந்து தடுக்கும் ஒரு குரல் தனக்குக் கேட்கும் என்பார் அவர். அதை ‘தைமோனியொன்’ என்று குறிப்பிட்டார். ஆங்கில ‘டீமன்’ அந்தக் குடும்பத்திலிருந்து வந்ததுதான். அன்றைக்கு அதற்குக் கெட்ட பொருள் கிடையாது, மனிதனுக்கும் கடவுளுக்கும் இடையில் இருக்கும் ஏதோ ஒரு சக்தி, அவ்வளவுதான். அந்த ஒரு வழக்கில் டெவில், டீமன் இரண்டின் முன்னோர்களும் இருக்கிறார்கள். டீமன் அவருக்குத் துணை நின்றது. டெவில், அதாவது அவதூறு, அவரைக் கொன்றது.

லூர்து மாதா கோயில் பிள்ளை:

அக்கா, தமிழில் எந்தச் சொல் என்று கேட்டிருக்கிறீர்கள், அதற்கு நான் வருகிறேன். ஓப்பிர் சாலையில் 1888இல் கட்டிய லூர்து மாதா ஆலயத்தில்தான் எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறைக்கு ஞானஸ்நானம். என் பாட்டிக்குத் தெரிந்தது ‘பிசாசு’ ஒன்றுதான். பழைய மொழிபெயர்ப்பில் இயேசு “பிசாசினால் சோதிக்கப்படுவதற்கு” வனாந்தரம் போவார். 1995இல் பொது மொழிபெயர்ப்பு வந்த பிறகு பூசையில் “அலகையினால் சோதிக்கப்படுவதற்காக” என்று வாசிக்க ஆரம்பித்தார்கள். முதல் தடவை அதைக் கேட்ட பாட்டி என் கையைப் பிடித்து, “அலகைன்னா யாரு, புதுசா வந்திருக்காரா?” என்று பயத்தோடு கேட்டார். புதுசு இல்லை, அது வள்ளுவர் காலத்துச் சொல். “உலகத்தார் உண்டென்பது இல்லென்பான் வையத்து அலகையா வைக்கப் படும்” என்பது 850ஆவது குறள். பிசாசுதான் சமஸ்கிருதத்திலிருந்து வந்தது. எனக்கு இரண்டுமே வேண்டும். அலகையைப் படிக்கும்போது மரியாதையாக இருக்கிறது, ஆனால் பிசாசு என்றால்தான் உடம்பு சிலிர்க்கிறது.

சாத்தான் எபிரேயம். பொருள் எதிராளி, எதிர்த்து நிற்பவன். எண்ணாகமம் 22ஆம் அதிகாரத்தில் பிலேயாம் கழுதை மேல் போகும்போது ஆண்டவரின் தூதரே வழியை மறித்து “எதிராளியாக” நிற்பார். எபிரேயத்தில் அந்த இடத்தில் இருக்கும் சொல் சாத்தான்! நல்ல தூதருக்கும் அந்தச் சொல்லைப் போடலாம் என்ற அளவுக்கு அது அன்றைக்குச் சாதாரணச் சொல். யோபு புத்தகத்தில் அவன் கடவுளின் அவையிலேயே நின்று மனிதர் மேல் குற்றம் சாட்டுகிற வேலை பார்க்கிறான்.

பெரியவர் சொன்ன கோள்மூட்டி விஷயத்துக்கு வேதத்திலேயே ஆதாரம் இருக்கிறது. தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் திருமுகம் 3:11இல் பெண்கள் “அவதூறு பண்ணாதவர்களாக” இருக்க வேண்டும் என்று வரும். கிரேக்க மூலத்தில் அது ‘தியாபொலோஸ்’ என்பதன் பன்மை. சாதாரண மனுஷிகளைப் பற்றிய பேச்சு அது, பிசாசைப் பற்றியது இல்லை.

மகளுக்கு இதையும் சொல்லுங்கள். புனிதர் பட்டம் கொடுப்பதற்கு முன் ஒருவருடைய வாழ்க்கையில் குறை தேடி வாதாட ஒரு வழக்கறிஞரைத் திருச்சபையே வைத்திருந்தது. 1587இல் ஐந்தாம் சிக்ஸ்துஸ் பாப்பரசர் காலத்தில் ஏற்படுத்திய பதவி. மக்கள் வாயில் அவருக்குப் பெயர் ‘டெவில்ஸ் அட்வகேட்’. 1983இல் இரண்டாம் ஜான் பால் நடைமுறையை மாற்றியபோது அந்த வேலையின் பழைய வீரியம் போய்விட்டது. அந்த மனிதர் கெட்டவர் இல்லை. உண்மை வெளியே வரட்டும் என்று எதிர்ப்பக்கம் நின்றவர்.

எங்கள் மாடியில் ஒரு யுரேஷிய ஆன்ட்டி இருக்கிறார். கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாள் மிச்சம் மீதி இறைச்சியை எல்லாம் போட்டு, காடி, கடுகு, புவா கெராஸ் என்ற கொட்டை, கை நிறைய மிளகாய் வைத்து டெவில் கறி செய்து ஒரு டப்பா அனுப்புவார். போர்ச்சுகீசியம் கலந்த அவர்களுடைய கிறிஸ்தாங் மொழியில் அது ‘கறி தேபால்’. வருடத்தில் அந்த ஒரு நாள் எங்கள் வீட்டில் டெவில் வரமாட்டாரா என்று காத்திருப்போம்.

கடையநல்லூர் பேரன்:

சகோதரி, சுருக்கமாக எங்கள் பக்கம். குர்ஆன் ஓத உட்கார்ந்தால் விரட்டப்பட்ட ஷைத்தானிடமிருந்து பாதுகாவல் தேடிவிட்டுத்தான் தொடங்குவோம். ஷைத்தானும் மேலே சகோதரி சொன்ன எபிரேய சாத்தானும் ஒரே குடும்பத்துச் சொற்கள். அவனுடைய பெயர் இப்லீஸ். ஆதமுக்குப் பணிய மறுத்தவன். அவன் ஜின் இனத்தைச் சேர்ந்தவன் என்று கஹ்ஃப் அத்தியாயத்தின் 50ஆவது வசனம் சொல்கிறது. இப்லீஸ் என்ற பெயரை ‘நம்பிக்கை இழந்தவன்’ என்ற பொருள் வரும் அரபு வேரோடு நம் அறிஞர்கள் சேர்ப்பார்கள். ஐரோப்பிய ஆய்வாளர்கள் பலர் அதுவும் அந்தக் கிரேக்க தியாபொலோஸ்தான் என்பார்கள். எனக்கு முதல் விளக்கம்தான் மனதில் நிற்கிறது, ஏனென்றால் இறைவனின் அருளில் நம்பிக்கையை விட்டுவிடாதே என்பதுதான் என் அத்தா எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம்.

அப்புறம் ஒன்று. எங்கள் வீட்டில் சேட்டை பண்ணுகிற பிள்ளையைச் “சைத்தான், இங்க வா” என்றுதான் உம்மா கூப்பிடுவார். கூப்பிட்டுச் சோறு ஊட்டுவார். சொல் ஒன்றுதான், யார் வாயிலிருந்து வருகிறது என்பதில்தான் எல்லாம்.

சீனம் படிக்கும் தம்பி:

நான் மூன்றாம் மொழியாக மாண்டரின் படித்தேன். டெவிலுக்கு அதில் ‘மோ குய்’. குய் என்றால் பேய், சீன நாள்காட்டியின் ஏழாம் மாதத்தில் நம் புளோக்குகளுக்குக் கீழே தாள் எரித்துச் சாப்பாடு வைப்பது அவர்களுக்காகத்தான். அந்த மாதத்தில் நடக்கும் ‘கெத்தாய்’ பாட்டுக் கச்சேரி மேடைக்கு முன்னால் முதல் வரிசையைக் காலியாக விடுவதும் அவர்கள் உட்கார.

ஆனால் அந்த ‘மோ’ இருக்கிறதே, அது சீனச் சொல்லே இல்லை! புத்த நூல்களை மொழிபெயர்த்தபோது ‘மாரன்’ என்ற சமஸ்கிருதப் பெயரை எழுதுவதற்காக உருவாக்கிய எழுத்து அது. மேலே ‘மா’ என்ற ஓசைக்கு ஒரு பகுதி, கீழே ‘பேய்’ என்ற பொருளுக்கு ஒரு பகுதி. மாரன் யார் என்று நமக்குத் தெரியும், போதி மரத்தடியில் புத்தரைக் கலைக்கப் பார்த்தவன். மணிமேகலையில் “மாரனை வெல்லும் வீர நின்னடி” என்று புத்தரைப் போற்றுகிற வரி இருக்கிறது. தமிழில் அதே மாரன் மன்மதனாகவும் இருக்கிறான், யாரும் பயப்படுவதில்லை. பாண்டியனுக்குப் பெயராக வரும் ‘மாறன்’ வேறு, வல்லின றகரம். அதையும் இதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

அந்த வரியை எழுதியவர் பெயரைப் பாருங்கள். சீத்தலைச் சாத்தனார். சாத்தன் சங்க காலத்தில் எத்தனையோ பேருக்கு இருந்த நல்ல பெயர், ஐயனாருக்கும் அந்தப் பெயர் உண்டு. சாத்தானுக்கும் சாத்தனுக்கும் ஒரு கால்தான் வித்தியாசம், தேவிக்கும் டெவிலுக்கும் ஓர் எழுத்து என்பதைப் போல. யாராவது அவரை வகுப்பில் கேலி செய்திருந்தால் மணிமேகலை கிடைத்திருக்குமா என்று நினைத்துக்கொண்டேன்.

ஏழாம் மாதத்துப் பசித்த பேய்க்குப் புத்த நூல்களில் பெயர் ‘பிரேத’. சமஸ்கிருதத்தில் ‘போய்விட்டவர்’ என்று பொருள். தமிழில் அது உயிர் போன உடம்பைக் குறிக்கும் பிரேதம் ஆகிவிட்டது. ஒரே சொல், ஒரு மொழியில் பசியோடு அலைகிறது, இன்னொன்றில் அசையாமல் கிடக்கிறது.

செங்காங் அம்மா:

இவ்வளவு பேர் இவ்வளவு அக்கறையோடு எழுதுவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ராத்திரி உட்கார்ந்து அவளுக்கு ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். பாரசீகக் கதையை மறைக்கவில்லை. “அப்போ அங்கே போனா என் பேரு கெட்ட பேரா?” என்றாள். ஆமாம், பழைய காலத்தில் அப்படி இருந்திருக்கும் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “பரவாயில்ல, அவங்களுக்கு அசுரன் நல்லவர்தானே” என்றாள். அவளுக்குப் பிடித்தது டியூஸ்டேதான். இனி ஒவ்வொரு செவ்வாயும் அவள் நாளாம்.

பேய் என்ற சொல்லைப் பற்றி நானும் தேடிப் பார்த்தேன். தொல்காப்பியத்தில் ‘பே’ என்றால் அச்சம் என்று இருக்கிறது. ஆனால் காரைக்கால் அம்மையார் தன் பாடலில் தன்னையே ‘காரைக்கால் பேய்’ என்று சொல்லிக்கொள்கிறார். முதலாழ்வார் மூவரில் ஒருவர் பேயாழ்வார். பயப்பட வேண்டிய சொல்லைத் தூக்கித் தங்கள் பெயராக வைத்துக்கொண்டிருக்கிறார்கள். இதை முப்பது வருடத்துக்கு முன் எனக்கு யாராவது சொல்லியிருந்தால் தமிழ்ப் பாடத்தை விட்டிருக்க மாட்டேன்.

இன்னொன்றும் கவனித்தேன். நாம் ஒருவரைப் பற்றிப் பேசும்போதே அவர் வந்து நின்றால் ஆங்கிலத்தில் “டெவிலைப் பற்றிப் பேசினால்...” என்று தொடங்குவார்கள். சீனத் தோழி ஒருத்தி, அவர்கள் சாவ் சாவ் என்ற பழைய சீனப் போர்த்தலைவரின் பெயரைச் சொல்வார்கள் என்றாள். நாம் “உனக்கு ஆயுசு நூறு” என்போம். என் மகளுக்கு இதுதான் கடைசியாகச் சொன்னேன், அதைக் கேட்டுக்கொண்டே தூங்கிவிட்டாள்.

மறுநாள் காலையில் பேருந்து நிறுத்தத்தில் நான் ஒன்று கேட்டேன். கடையநல்லூர்த் தம்பி எழுதியதிலிருந்து அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. “நானும்தானே உன்னைக் குட்டிப் பிசாசுன்னு கூப்பிடுறேன், அது உனக்குக் கஷ்டமா இருந்திருக்கா?” என்றேன். “நீங்க சொன்னா வீட்டுக்கு வந்துட்ட மாதிரி இருக்கும்மா. அவன் சொன்னா வெளிய நிக்கிற மாதிரி இருக்கு” என்றாள். அதற்குள் 80ஆம் எண் பேருந்து வந்துவிட்டது.

அவனையும் டெவில் என்று திருப்பிச் சொல்லலாமா, அவன்தானே கோள்மூட்டி என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஈய எழுத்துக்கார ஐயாவுக்கு ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறாள்: அந்த அச்சகத்தில் உங்களை அப்படிக் கூப்பிடுவதை எப்போது நிறுத்தினார்கள்?

ஈய எழுத்துக்காரர்:

இரண்டு வருடம் கழித்து, நான் அச்சுக்கோக்கக் கற்றுக்கொண்ட பிறகு நிறுத்தினார்கள் என்று சொல்லுங்கள். ஒருநாள் தமிழ்ப் பிரிவில் ஆள் வரவில்லை, ஒரு திருமண அழைப்பிதழை நானே கோத்து முடித்தேன். பிழை இல்லாமல் வந்தது. ஆங்கிலப் பிரிவு மேற்பார்வையாளர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு என் பெயரை முழுதாகச் சொல்லிக் கூப்பிட்டார். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. என் பெயரை வேறு யாரிடமோ கேட்டுத் தெரிந்துவைத்திருக்கிறார்.

அந்த அச்சகத்தை மூடியபோது கொஞ்சம் ஈய எழுத்துகளை எடுத்து வைத்துக்கொண்டேன். ‘தேவி’க்கு மூன்று எழுத்து போதும். இரட்டைக் கொம்பு தனி, ‘த’ தனி, ‘வி’ சேர்ந்தே வரும். விக்டோரியா ஸ்திரீட் நூலகத்துக்குச் சனிக்கிழமைகளில் வருவேன். தனி மடலில் நேரம் சொல்லுங்கள், கோத்து நூல் கட்டிக் கொண்டுவந்து தருகிறேன். எழுத்து எல்லாம் இடவலம் மாறி இருக்கும், பயந்துவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். மை தடவித் தாளில் வைத்து ஒற்றினால் நேராகிவிடும்.